எறியும்போதும் கையை விடாமல்

நான் ஜூடோ கற்கிறேன் என்று தெரிந்ததும் சபையில் பாதிப் பேர் நேராக எபேசியர் ஆறாம் அதிகாரத்துக்குப் போய்விடுவார்கள். சர்வாயுதவர்க்கம், விசுவாசக் கேடகம், பிசாசோடு போராட்டம். "பெண்கள் கூடுகையில் இதை வைத்தே ஒரு செய்தி கொடுங்களேன் சிஸ்டர்" என்று ஒருவர் கேட்டார். மீதிப் பேர் "விசுவாசிக்கு எதுக்கு இந்தச் சண்டை எல்லாம்?" என்பார்கள். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபடி இரண்டு தரப்புக்கும் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பெரிய வீராங்கனை ஒன்றும் இல்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, பெல்ட் இன்னும் ஆரஞ்சு, அதாவது தொடக்கப் படிகளில் ஒன்று. மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய், ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருக்கும் அம்மாக்களில் ஒருத்தியாக இருந்தேன். "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, மேட்டுக்கு வாங்க" என்று மாஸ்டர் ஒரு நாள் கூப்பிட்டார். பயிற்சிக்காகத் தரையில் விரித்திருக்கும் மெத்தையைத்தான் மேட் என்போம். போனேன். ஜூடோவில் பெல்ட் வரிசைப்படிதான் நிற்க வேண்டும் என்பதால், இப்போது மகளுக்குக் கீழே நிற்கிறேன். அவளுக்கு அதில் இருக்கும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஜூடோவில் முதலில் சொல்லித்தருவது விழுவதை. உகேமி என்பார்கள். பின்பக்கமாக விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இடுப்பில் உள்ள பெல்ட் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. இரண்டு கைகளும் உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி, உள்ளங்கை கீழாக, மேட்டை ஓங்கி அறைய வேண்டும். மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. பெரியவர்கள்தான் திணறுவோம். விழப்போகிறோம் என்று தெரிந்ததுமே கை தானாகப் பின்னால் போய்த் தரையில் ஊன்றிக்கொள்ளும். மொத்த எடையும் அந்த ஒரு மணிக்கட்டில் இறங்கும். மணிக்கட்டோ முழங்கையோ தோளோ, ஏதாவது ஒன்று போகும். விழுந்து அடிபடுபவர்களைவிட, விழக்கூடாது என்று பார்த்து அடிபடுபவர்கள்தான் ஜாஸ்தி என்பார் மாஸ்டர்.

வீட்டில் ஒரு வாக்குவாதம் நடக்கும்போது, தப்பு நம் பக்கம்தான் என்று தெரிந்தபிறகும் "அது இல்ல, நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று இழுப்போம் இல்லையா, அது அந்த ஊன்றுகிற கைதான். "ஆமா, தப்புதான்" என்று ஒரே அடியாக விழுந்துவிட்டால் சத்தம் பெரிதாகக் கேட்கும், அடி குறைவாகப் படும். "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" என்ற வசனத்தில் எழுந்திருப்பதைத்தான் எப்போதும் பிரசங்கிப்பார்கள். மேட்டில் விழுந்து பழகிய பிறகு எனக்கு அதன் முதல் பாதிதான் கண்ணில் படுகிறது. விழுந்துகொண்டிருக்கும் ஆளையும் அந்த வசனம் நீதிமான் என்றே கூப்பிடுகிறது.

இது எல்லோருக்கும் சீக்கிரமே பிடிபட்டுவிடும் பாடம். அடுத்து வருவதற்குத்தான் எனக்கு நாள் எடுத்தது.

ஓர் எறிதலைப் பழக இரண்டு பேர் வேண்டும். எறிபவர் தோரி, எறியப்படுபவர் உகே. மாறி மாறித்தான் செய்வோம், ஆகவே பயிற்சி நேரத்தில் சரிபாதி அடுத்தவருக்காக விழுவதிலேயே போய்விடும். நல்ல உகேயாக இருப்பது தனிக் கலை. உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றால் எதிரில் உள்ளவர் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அவர் இழுப்பதற்கு முன்பே நாமாகத் தாவி விழுந்து கொடுத்தால் அதைவிட மோசம். தனக்கு எறியத் தெரிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு அவர் போட்டிக்குப் போய் நிற்பார். உகே நேராக, இயல்பாக நிற்க வேண்டும். சமநிலை உண்மையிலேயே குலைந்தால் மட்டும் விழ வேண்டும்.

சபைக்குள் நாம் ஒருவருக்கொருவர் எப்படிப்பட்ட உகேயாக இருக்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. வாலிபன் ஒருவன் முதல்முறை பிரசங்கித்துவிட்டு இறங்கினால், ஒரு கூட்டம் எதைச் சொன்னாலும் ஏற்காமல் விறைத்துக்கொண்டு நிற்கும். இன்னொரு கூட்டம் "பிரமாதம் தம்பி, கர்த்தர் பெரிய காரியம் செய்தார்" என்று அவன் தொடுவதற்கு முன்பே விழுந்து கொடுக்கும். இரண்டிலும் அவன் வளர வழியில்லை. அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு வளரும்படி பவுல் எபேசியருக்கு எழுதியது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்து பார்த்தால் உடம்பு வலிக்கும் வேலை அது. நிஜமாக எறியப்பட்டால்தான் விழுவேன், எறியப்பட்டால் முறுக்கிக்கொள்ளாமல் விழுவேன் என்று நிற்க வேண்டும்.

இனி எறிபவரின் பக்கம். எங்கள் வகுப்பில் பச்சை பெல்ட் பெண் ஒருத்தி இருக்கிறாள். பள்ளியில் படிக்கிறாள், எடை என்னைவிடக் குறைவு. விரல் கணுக்களில் எப்போதும் வெள்ளை டேப் சுற்றியிருப்பாள். ஜூடோ உடுப்பின் முரட்டுத் துணியைப் பிடித்து இழுத்து இழுத்துத் தோல் உரிந்த விரல்கள். அவளோடு சியோநாகே பழகுவதுதான் எனக்கு முதலில் நடுக்கமாக இருந்தது. தோளுக்கு மேல் தூக்கி எறிவது அது. அவள் இடது கை என் வலது சட்டைக்கையை முழங்கைக்குப் பக்கத்தில் பிடிக்கும். சட்டென்று திரும்பி என் முன்னால் குனிந்து நுழைவாள். என் பாதம் தரையை விடும், கூரை தெரியும், அப்புறம் மேட். இதெல்லாம் ஒரு மூச்சுக்குள் நடந்துவிடும்.

அந்த ஒரு மூச்சுக்குள் அவளுடைய இடது கை செய்வதைத்தான் இப்போது கவனிக்கிறேன். எறிந்து முடித்த பிறகும் அது என் சட்டைக்கையை விடுவதே இல்லை. நான் தரையைத் தொடும் நேரத்தில் அதை மேல்நோக்கி இழுக்கும். அதனால் என் வலது தோள் லேசாகத் தூக்கப்பட்டு, தலை மேலேயே நின்று, முதுகும் பக்கவாட்டும் மட்டும் தரையில் படும். விட்டுவிட்டால் நான் எப்படி வேண்டுமானாலும் விழலாம், கழுத்தும் மாட்டலாம். "ஆன்ட்டி, கையை விட மாட்டேன், பயப்படாதீங்க" என்று முதல் தடவை அவள் சொன்னாள். தூக்கி எறிவதும் தாங்கிப் பிடிப்பதும் அதே கைதான்.

வேதத்தில் சாந்தகுணம் என்று வரும் இடங்களையெல்லாம் நான் அதுவரை கோபப்படாத, சத்தம் போடாத, ஓரமாக ஒதுங்கி நிற்கிற குணமாகத்தான் வைத்திருந்தேன். சுபாவமாகவே மெதுவாகப் பேசுகிறவர்களுக்கு அது சுலபமாகக் கிடைத்துவிடும் என்றும் நினைத்திருந்தேன். அந்தப் பெண் என்னை எறிவதில் துளியும் தயக்கம் காட்டுவதில்லை. முழு பலத்தோடு எறிவாள், பிடித்துக்கொண்டும் இருப்பாள். தண்ணீரில் அமிழ்ந்த பேதுருவிடம் இயேசு செய்ததை மத்தேயு 14:31இல் படித்துப் பாருங்கள். "உடனே இயேசு கையை நீட்டி அவனைப் பிடித்து: அற்பவிசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய்" என்றார். கண்டனம் உண்டு, அதில் குறை வைக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்தபோது பேதுருவின் கை அவர் பிடியில் இருந்தது.

மகளைக் கண்டிக்கும்போது, ஞாயிறு பள்ளியில் ஒரு பையனை எழுப்பி நிறுத்தும்போது, இப்போது எனக்குள் எழும் கேள்வி இதுதான்: சட்டைக்கை என் கையில் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு கடினமான விஷயத்தையும் சொல்லலாம். இல்லாவிட்டால் வாயைத் திறக்காமல் இருப்பது மேல்.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கனோ கிறிஸ்தவர் அல்ல. அவர் பாடங்களுக்குள் சுவிசேஷத்தைத் தேடி எடுக்கும் வேலையும் எனக்கு இல்லை. ஆனால் மனிதர் யோசித்த விதம் பிடித்திருக்கிறது. உருவத்தில் சிறியவர், பள்ளியில் முரடர்களிடம் அடிபட்டவர், அதனாலேயே ஜுஜுத்ஸு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையைக் கற்கப் போனார். 1882இல், இருபத்திரண்டு வயதுகூட ஆகாத நிலையில், தோக்கியோவில் ஒரு கோயில் வளாகத்தில் சொற்ப மாணவர்களோடு கோடோக்கன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். பழைய முறைகளில் ஆளை முடமாக்கும் உத்திகள் இருந்தன. இரண்டு பேர் நிஜமாக மோதிப் பழகும் பயிற்சியிலிருந்து அவற்றை அவர் எடுத்துவிட்டார். இதனால் ஜூடோ பலவீனமாகவில்லை. அடுத்தவருக்குப் பெரிய சேதம் வராது என்ற நம்பிக்கை இருப்பதால், தினமும் முழு பலத்தோடு, எதிர்த்து நிற்கும் நிஜ ஆளோடு மோதிப் பழக முடிந்தது. தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுவது என்பதை ஜூடோவின் குறிக்கோளாகவே வைத்தார். எதிராளி நாளைக்கும் பயிற்சிக்கு வர வேண்டும். வராவிட்டால் நஷ்டம் எனக்குத்தான்.

1964 தோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஜூடோ முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. எடைப் பிரிவு இல்லாத போட்டியின் இறுதியில், ஜப்பான்காரர்கள் மலையாக நம்பியிருந்த அகியோ கமினாகாவை நெதர்லாந்தின் அன்டன் கேசிங்க் தரையில் அழுத்திப் பிடித்து வென்றார். சந்தோஷத்தில் அவர் நாட்டு ரசிகர்கள் மேட்டுக்குள் ஓடிவரப் பார்த்தார்கள். கேசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்துவிட்டார். தோற்றவருக்கு வணக்கம் செலுத்தும் முறை இன்னும் முடியவில்லை அல்லவா! "உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே" என்று நீதிமொழிகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உயர்ந்த கை நினைவுக்கு வரும்.

இதே விஷயத்தில் எனக்கும் மகளுக்கும் ஒரு தீராத சண்டை உண்டு. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், கராத்தே 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் இறுதிப் போட்டி. சவூதியின் தாரேக் ஹாமெதி 4-1 என்று முன்னணியில் இருந்தார். ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்ஜாதே மீது உயரமாக ஓர் உதை விட்டார். கன்ஜ்ஜாதே நினைவிழந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த விளையாட்டில் உதை கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும் என்பது விதி. நடுவர்கள் ஹாமெதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். நினைவிழந்து கிடந்தவருக்குத் தங்கம், நின்றுகொண்டிருந்தவருக்கு வெள்ளி.

"இது அநியாயம்மா. சண்டைப் போட்டியில பலமா உதைச்சதுக்கு யாராவது தோக்கடிப்பாங்களா?" என்பாள் மகள். நான் நடுவர்கள் பக்கம். "ஒருவன் மல்யுத்தம்பண்ணினாலும், சட்டத்தின்படி பண்ணாவிட்டால் முடிசூட்டப்படான்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை எடுத்துப் போட்டேன். "வசனத்தை வெச்சு வாயை அடைக்காதீங்க" என்றாள். அதுவும் நியாயம்தான். ஹாமெதி வேண்டுமென்று செய்திருப்பார் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் என் பலம் அடுத்தவர் உடம்பில் என்ன செய்கிறது என்பதற்கு நான்தான் பொறுப்பு, என் உள்நோக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். நாக்குக்கும் இதே கணக்கு. "நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்பது ஸ்ட்ரெச்சரில் போகிறவருக்கு எந்த விதத்திலும் உதவாது.

வணங்குவது பற்றிக் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நிஜமான கேள்வி. மேட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் குனிய வேண்டும், பார்ட்னருக்குக் குனிய வேண்டும். எங்கள் கூடத்துச் சுவரில் கனோவின் படம் ஒன்றும் இருக்கிறது. ஆமானுக்கு முன் வணங்காத மொர்தெகாயைச் சபையில் ஒரு பெரியவர் நினைவூட்டினார். ஏத்தின் புத்திரருக்கு முன்பாக எழுந்து வணங்கிய ஆபிரகாமை நான் நினைவூட்டினேன். மனிதருக்கு மரியாதையாகக் குனிவதில் எனக்குத் தடை இல்லை. படத்துக்கு முன் குனிய மனம் ஒப்பவில்லை, மாஸ்டரிடம் போய் நேரடியாகச் சொன்னேன். "அந்த நேரத்துல நேரா நில்லுங்க, போதும்" என்றார். அவ்வளவுதான் விஷயம். இன்னொரு விசுவாசிக்கு இது வேறு மாதிரி தோன்றினால் நான் வாதாடப்போவதில்லை. இப்படிக் கருத்து வேறுபடும் இடங்களில் ஒருவரையொருவர் குற்றப்படுத்தாதிருக்கச் சொல்லும் ரோமர் 14 அதற்குத்தான் இருக்கிறது.

தற்காப்புக் கலை படித்தால் பொறுமை வரும், அடக்கம் வரும் என்று விளம்பரப் பலகைகளில் எழுதுவார்களே, அதை நான் முழுசாக நம்புவதில்லை. கறுப்பு பெல்ட்டும் சிடுசிடுப்பும் சேர்ந்தே இருக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். மேட் யாரையும் நல்லவராக்கி அனுப்புவதில்லை. உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் போடும், அதுவும் களைத்துப்போன கடைசி ரவுண்டில். "சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்று பவுல் அளந்துதான் சொன்னார். அந்த அற்பத்தை நான் மதிக்கிறேன், அதற்கு மேல் அதனிடம் கேட்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது: பெல்ட்டை உழைத்து வாங்க வேண்டும், தேர்வில் தேற வேண்டும், கிருபை அப்படி வராது. வாரம் முழுக்க பெல்ட் கணக்கிலேயே யோசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்குப் போனால், இதையும் நான் ஏதோ தேறி வாங்குவது போல ஒரு நினைப்பு வந்துவிடும். அதில் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

தரைப்பிடி பழகும்போதெல்லாம் எனக்கு யாக்கோபு ஞாபகம். இப்போதைய விதிப்படி எதிராளியை முதுகு தரையில் படும்படி 20 விநாடி அழுத்தி வைத்திருந்தால் முழு வெற்றி. கீழே மாட்டியவருக்கு அந்த 20 விநாடி ரொம்ப நீளம். அப்போது தப்பிக்க உதவுவது கை பலத்தைவிட இடுப்பு. இடுப்பைத் திருப்பினால்தான் இடைவெளி கிடைக்கும், எறிவதற்கும் இடுப்புதான் ஆதாரம். இது தெரிந்த பிறகு ஆதியாகமம் 32 வேறு மாதிரி வாசிக்கக் கிடைத்தது. விடியும்வரை போராடியவர் யாக்கோபின் தொடைச்சந்தைத் தொட்டார், அது சுளுக்கிக்கொண்டது. மல்யுத்தக்காரனுக்கு இடுப்பு போனால் ஆட்டம் முடிந்தது. தள்ள முடியாது, தூக்க முடியாது, திரும்பக்கூட முடியாது. மிச்சம் இருப்பது பிடித்துக்கொள்வது ஒன்றுதான். அந்த நிலையில்தான் அவன் "நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்" என்கிறான். அண்ணனின் குதிங்காலைப் பிடித்துக்கொண்டு பிறந்த ஆள், வாழ்க்கை முழுக்கப் பிடுங்கியே பழகியவன். அன்றைக்குப் பிடுங்க ஒன்றும் இல்லாமல், கேட்க மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறான். பிரசங்கத்தில் அவனை ஜெபவீரன் என்பார்கள். எனக்கு அவன் தோற்றுப்போய், ஆனாலும் பிடியை விடாதவனாகத்தான் தெரிகிறான். அவன் மேல் எனக்கு முன்னைவிடப் பிரியம் கூடியிருக்கிறது.

சரி, விசுவாசிக்கு எதுக்குச் சண்டை என்ற கேள்வி பாக்கி. அதை என்னிடம் ஒழுங்காகக் கேட்டது ஞாயிறு பள்ளிப் பையன் ஒருவன்தான். மறு கன்னத்தைக் காட்டும் வசனம் நடத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், அப்போ யாராவது என்னை அடிச்சா திருப்பி அடிக்கலாமா, கூடாதா? நீங்க ஜூடோ போறீங்கல்ல?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவமானப்படுத்த அறைகிறவனுக்குப் பதிலுக்கு அறைந்து கணக்குத் தீர்க்க வேண்டாம். ஆனால் வாயை மூடிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். பிரதான ஆசாரியன் முன்னிலையில் சேவகன் ஒருவன் அறைந்தபோது, "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று இயேசு நேருக்கு நேர் கேட்டார். ஆபத்து என்றால் ஓடு, சத்தம் போடு, பெரியவர்களிடம் சொல். உன்னைவிடச் சின்னவனை யாராவது அடித்தால் நடுவில் போய் நில். பிடித்து நிறுத்த முடிந்தால் பிடி, அடிக்காதே.

"ஒசோட்டோகாரி போடலாமா?" காலைப் பின்னாலிருந்து வாரிவிடும் எறிதல் அது. என் மகளிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறான்.

"சிமென்ட் தரையில் கூடவே கூடாது. பின்மண்டை அடிபட்டால் ஆள் போய்விடுவான். எறிந்தால் கையை விடாமல் பிடிக்கத் தெரிய வேண்டும், உனக்கு அது தெரியாது."

கொஞ்ச நேரம் யோசித்தான். "மணல்ல?" என்றான்.

மாஸ்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.